சி.எஸ்.ஆர். போதாது, எஃப்.ஐ.ஆர். கேளுங்கள்

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. தலையில் வெள்ளை முண்டாசு, மையால் வரைந்த முறுக்கு மீசை, தோள் தொங்கும் கறுப்புக் கோட்டு, ஒன்பது பத்து வயதுப் பையன். கீழே 'இந்தச் சிறுவனைக் காணவில்லை, எல்லா குரூப்புக்கும் அனுப்புங்கள், ஒரு தாயின் கண்ணீரைத் துடைப்போம்' என்று எழுதி நாலு கும்பிடு. மாடி வீட்டு மாமி உடனே 'முருகா காப்பாத்து' என்று போட்டார்.

அந்தப் பையன் என் அக்கா மகன். அவன் காணாமல் போய் நாலு வருடம் ஆகிறது, கிடைத்தும் நாலு வருடம் ஆகிறது. மொத்தமே 16 மணி நேரம்தான் அவன் காணாமல் போயிருந்தான். போட்டோ மட்டும் இன்னும் வீடு திரும்பவில்லை.

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன், அக்காவுக்குப் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாமல் இருந்தது என்னென்ன என்று யோசித்தால், இன்னும் பல பேருக்குத் தெரியாது என்றுதான் தோன்றுகிறது. பெயர், ஊர் எதுவும் சொல்லாமல் எழுதிக்கொள் என்று அக்காவே கடைசியில் சரி சொல்லிவிட்டாள்.

அப்போது அவன் ஆறாம் வகுப்பு. மச்சான் போனில் ஏதோ கேமுக்குப் பணம் கட்டிவிட்டான், 300 ரூபாயோ என்னவோ. அக்கா திட்டியிருக்கிறாள், முதுகில் ஒன்று வைத்திருக்கிறாள். சாயங்காலம் டியூஷனுக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் டியூஷனுக்குப் போகவில்லை. ஏழு மணிக்கு டீச்சர் போன் பண்ணிய பிறகுதான் தேட ஆரம்பித்தோம். எட்டரை மணிக்கு அக்கா சமையலறையில் உளுந்து டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உளுந்துக்கு அடியில் அவள் ஒளித்து வைத்திருந்த பணத்தில் 200 ரூபாய் குறைந்திருந்தது. தெருமுனையில் இல்லை, எங்கேயோ பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறியிருக்கிறான் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

போலீஸ் ஸ்டேஷனில், புகார் எழுதி வாங்குகிற ரைட்டர் இருந்தார். நல்ல மனிதர்தான், அதைச் சொல்லியாக வேண்டும், அக்காவுக்கு டீ வாங்கிவரச் சொன்னார். "என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று கேட்டார். மச்சான் நீலம் என்றார், அக்கா பச்சை என்றாள், டியூஷன் டீச்சர் பார்க்கவே இல்லை. "லேட்டஸ்டா போட்டோ குடுங்க." மூன்று பேர் போனையும் துழாவினோம். பிறந்தநாள் படத்தில் முகத்தில் கேக், குலதெய்வக் கோயில் படத்தில் மொட்டை, மிச்சமெல்லாம் கேமராவைப் பார்த்து நாக்கை நீட்டுகிற படம். முகம் நேராக, தெளிவாகத் தெரிந்த ஒரே படம் பள்ளி ஆண்டுவிழாவில் பாரதியார் வேஷம் போட்டது. அதுவும் இரண்டு வருடம் பழசு. அதைத்தான் கொடுத்தோம். மீசையை அழித்துவிட்டுப் பார்க்கச் சொன்னோம்.

"திட்டுனீங்களா?"

"ஆமா சார்."

"அப்ப வந்துருவான். ராத்திரி பசிச்சா தானா வீட்டு ஞாபகம் வரும். சொந்தக்காரங்க வீட்ல எல்லாம் கேட்டுட்டு, காலைல பாத்துக்கலாம்."

மனு எழுதி வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்தார். நம்பர், சீல், எல்லாம் இருந்தது. நானும் கேஸ் போட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பட்டப்படிப்பு படித்தவன், இருபது வருடமாகப் பேப்பர் படிக்கிறவன், எனக்கே சி.எஸ்.ஆருக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் அது வழக்கு, விசாரிக்க ஒருவர் பொறுப்பு. "ஏன் கண்டுபிடிக்கவில்லை" என்று பின்னால் நீதிமன்றம் கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இருப்பார்.

இதில் கொடுமை என்னவென்றால், காலையில் பார்க்கலாம் என்று சொல்ல அந்த ரைட்டருக்கு உரிமையே கிடையாது. 2013 மே 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தலைமை நீதிபதி அல்தமாஸ் கபீர் தலைமையிலான அமர்வு, பச்பன் பசாவோ ஆந்தோலன் என்ற அமைப்பு போட்ட வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 18 வயதுக்குக் கீழே யாரைக் காணவில்லை என்று புகார் வந்தாலும் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். அதோடு, அது கடத்தலாகவோ ஆள் விற்பனையாகவோ இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் விசாரணையையே தொடங்க வேண்டும், இல்லை என்று தெரியவந்தால் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். அதாவது 'திட்டியதால் ஓடியிருப்பான்' என்கிற இடத்திலிருந்து போலீஸ் ஆரம்பிக்கக் கூடாது. ஸ்டேஷனுக்கு ஒரு குழந்தைகள் நல அலுவலர் இருக்க வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. பிறகு வந்த சிறார் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள், நாலு மாதத்தில் குழந்தை கிடைக்காவிட்டால் வழக்கை ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்கின்றன. எங்கள் எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்கள் என்று அலைக்கழிப்பதற்கும் இப்போது வழியில்லை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்பது எழுத்திலேயே இருக்கிறது.

நீதிமன்றம் இவ்வளவு கறாராகச் சொல்வதற்குப் பின்னால் டெல்லி பக்கம் நொய்டாவில் இருக்கிற நிதாரி கிராமத்துக் கதை இருக்கிறது. ஒன்றரை இரண்டு வருடமாக அந்தக் கிராமத்துக் குழந்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது, கூலிவேலை செய்கிற பெற்றோர் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள், ஓடிப் போயிருக்கும் என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2006 டிசம்பரில் ஒரு பங்களாவுக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் அந்தக் குழந்தைகள் எலும்புகளாகக் கிடைத்தார்கள். குற்றவாளி யார் என்பது 2023-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுதலை செய்ததோடு வேறு கதையாகிவிட்டது. அதற்கும் ஒருவகையில் ஆரம்பத்தில் ஒழுங்காக விசாரிக்காததுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. நிதாரிக்குப் பிறகுதான் தேசிய மனித உரிமை ஆணையம் காணாமல் போகும் குழந்தைகள் பற்றி ஒரு குழுவே போட்டு விசாரித்தது.

எண்ணிக்கையும் சும்மா இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022-இல் மட்டும் நாடு முழுவதும் 83,350 குழந்தைகள் காணாமல் போனதாகப் புகார். அதில் 62,946 பேர் பெண் குழந்தைகள், அதாவது நாலில் மூன்று. நல்ல செய்தியும் உண்டு, முந்தைய வருடங்களில் காணாமல் போனவர்களையும் சேர்த்து அதே வருடம் 80,561 பேர் மீட்கப்பட்டார்கள். ஆனால் பெண் குழந்தை என்றால் தடை ஸ்டேஷனில் மட்டும் இல்லை, வீட்டிலேயே ஆரம்பித்துவிடுகிறது. "எஃப்.ஐ.ஆர். போட்டா பொண்ணு பேரு கெட்டுடும், அமைதியா தேடலாம்" என்று ஒரு சித்தப்பா கட்டாயம் சொல்வார். ஸ்டேஷனில் "லவ் மேட்டரா?" என்று ஒரு கேள்வி வரும். பதினாறு வயதுப் பெண் யாரை விரும்பினாள் என்பதெல்லாம் பிறகு, அவள் இப்போது எங்கே, யாரிடம், பத்திரமாக இருக்கிறாளா என்பதுதான் முதல் கேள்வி. அந்தச் சித்தப்பாவால் போகிற இரண்டு நாளைத் திரும்ப வாங்க முடியாது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. நான் செய்த பெரிய காரியம், அந்த பாரதியார் போட்டோவை எனக்குத் தெரிந்த அத்தனை குரூப்பிலும் போட்டது. தேதி போடவில்லை. ஸ்டேஷன் நம்பர் போடவில்லை. அக்காவின் போன் நம்பரைப் போட்டேன், அதற்கான பலனை அடுத்த மூன்று மாதம் அவள் அனுபவித்தாள். "பையன் எங்ககிட்டதான் இருக்கான், ஜிபே பண்ணுங்க" என்று ஒருவன் இந்தியில் பேசினான், அப்போது பையன் பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தான்.

உண்மையில் பையன் அன்று ராத்திரி பத்தரை மணிக்கே கிடைத்துவிட்டான். எங்களுக்குத்தான் தெரியாது. முன்பதிவில்லாத பெட்டியில் ஏறி, ஒரு பெரிய ஜங்ஷனில் இறங்கி, பிளாட்பாரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனை ரயில்வே பாதுகாப்புப் படைப் பெண் காவலர் ஒருவர் பார்த்துவிட்டார். தனியாக உட்கார்ந்திருக்கிற குழந்தையைக் கண்டுகொள்வது அவர்களுக்குப் பழக்கம், அதற்கென்று 'நன்ஹே ஃபரிஷ்தே' என்று ஒரு திட்டமே வைத்திருக்கிறார்கள். பேர் கேட்டிருக்கிறார். இவன் வாயில் வந்த ஒரு பேரைச் சொல்லி, ஊர் சேலம் என்றிருக்கிறான். சேலம் என்று ஏன் சொன்னான் என்று இன்றுவரை தெரியாது, அவன் சேலத்தைப் பார்த்ததே இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் எங்கள் ஊர் ஸ்டேஷனில் முண்டாசு கட்டிய ஒரு போட்டோவும் ஒரு பேரும், அதுவும் வெறும் ரசீதாக. இன்னொரு பக்கம் 150 கிலோமீட்டர் தள்ளி, மீசை இல்லாத ஒரு பையனும் வேறொரு பேரும். தேடுகிறவர்களும் தேடப்படுகிறவனும் இரண்டு வேறு நோட்டுப் புத்தகங்களில். எனக்கு அன்றிலிருந்து இந்த விஷயத்தில் இதுதான் பெரிதாகத் தெரிகிறது. காணாமல் போன குழந்தையைத் தேடுவது என்றால் டார்ச் அடித்துக்கொண்டு கிணறு குளம் பார்ப்பது என்று நினைக்கிறோம். பாதி நேரம் குழந்தை எங்கேயோ கிடைத்து, ஒரு காப்பகத்தில் சோறு தின்றுகொண்டிருக்கும், அது யார் குழந்தை என்று அங்கே யாருக்கும் தெரியாது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலைதான் முக்கால்வாசி.

வைக்கோல் போரில் தொலைந்த ஊசி மாதிரி ஒரு கதை உண்டே, சரூ பிரையர்லி கதை. மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வாவைச் சேர்ந்த சிறுவன், 1986-இல் அண்ணனோடு புர்ஹான்பூர் ஸ்டேஷனுக்கு வந்தவன், தூங்கிப்போய் ரயிலோடு ஹௌரா போய்விட்டான். ஊர்ப் பேரைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கணேஷ் தலாய் என்கிற தன் பேட்டையின் பேரை அவன் உச்சரித்த விதத்தில் கல்கத்தாவில் யாருக்கும் புரியவில்லை. அவனுடைய சொந்தப் பேர் ஷேரு என்பதுகூட சரூ ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவுக்குத் தத்துப் போய் வளர்ந்து, கூகுள் எர்த்தில் ரயில் பாதைகளைத் தடவித் தடவிப் பார்த்து, 25 வருடம் கழித்துத் தாயைக் கண்டுபிடித்தான். அம்மா அங்கேதான் இருந்தாள். இரண்டு பட்டியல் சந்திக்க 25 வருடம்.

இதற்காகத்தான் டிராக் சைல்டு என்ற இணையதளம் வந்தது, ஸ்டேஷன்கள் ஒரு பக்கம் ஏற்ற வேண்டும், காப்பகங்கள் மறுபக்கம் ஏற்ற வேண்டும். 2015-இல் பொதுமக்களே பதிவு செய்கிற மாதிரி கோயா பாயா வந்தது. இப்போது எல்லாம் மிஷன் வாத்சல்யா என்ற ஒரே குடைக்குள். நல்ல யோசனைதான், ஆனால் எஃப்.ஐ.ஆரே போடாத குழந்தை முதல் பக்கத்தில் ஏறாது. இரண்டாவது பக்கத்தில் காப்பகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆள் லீவு என்றால் ஏறாது. மென்பொருள் பாவம் என்ன செய்யும்?

முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். 2018 ஏப்ரலில் டெல்லி போலீஸ் நாலே நாளில் கிட்டத்தட்ட 3,000 குழந்தைகளை அப்படி அடையாளம் கண்டதாக எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, நானும் ஷேர் பண்ணினேன். அடுத்த வருடமே டெல்லி உயர் நீதிமன்றத்தில், அந்தக் கருவிக்குப் பையன் எது பெண் எது என்றே பிரிக்கத் தெரியவில்லை என்று மத்திய அரசுத் தரப்பே சொன்னது. அது அவ்வளவாகப் பத்திரிகையில் வரவில்லை. குழந்தை முகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும், எங்களை மாதிரி பெற்றோர் கொடுப்பது மீசை வைத்த போட்டோ.

ஆதார் மேல் எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2011-இல் ஜபல்பூரிலிருந்து தொலைந்த ஒரு சிறுவன் நாக்பூரில் வளர்ந்தான். பள்ளிக்காக ஆதார் எடுக்கப் போனபோது கைரேகை ஏற்கெனவே பதிவில் இருக்கிறது என்று இயந்திரம் மறுத்துவிட்டது, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் 2021-இல் பெற்றோரைக் கண்டுபிடித்தார்கள். யாரும் தேடிக் கிடைத்ததில்லை, ஆபீஸ் வேலையில் தற்செயலாகக் கிடைத்தது. ஐந்து வயதுக்குக் கீழே கைரேகையே எடுப்பதில்லை என்பதால் சின்னக் குழந்தைகளுக்கு இதுவும் கிடையாது. தென் கொரியாவில் 2012 முதல், பெற்றோர் விரும்பினால் குழந்தையின் கைரேகையையும் போட்டோவையும் முன்கூட்டியே போலீஸில் பதிந்து வைக்கலாம். இங்கே அப்படி ஒன்று வந்தால் அந்தத் தகவல் வேறு எதற்கெல்லாம் போகும் என்ற பயம் எனக்கு உண்டு, அதனால் வா வா என்று கூப்பிடவும் மனம் வரவில்லை. திருவண்ணாமலை தீபத்துக்கும் சபரிமலையிலும் குழந்தைகள் கையில் பெற்றோர் போன் நம்பர் எழுதி ஒரு பட்டை கட்டிவிடுகிறார்களே, அதில் இந்தப் பயம் எதுவும் இல்லை, வேலையும் நடக்கிறது.

எங்கள் பையனையும் கடைசியில் மீட்டது பத்து இலக்கம்தான். காலையில் அந்தப் பெண் காவலர் இட்லி வாங்கிக் கொடுத்து, திட்டமாட்டேன் என்று சத்தியம் பண்ணி, அம்மா நம்பர் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். ஓ.டி.பி. வரும் நம்பர் என்பதால் அவனுக்கு அக்கா நம்பர் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். எந்தக் கேம் அவனை வெளியே அனுப்பியதோ அதுதான் நம்பரையும் மனப்பாடம் ஆக்கியிருந்தது. ஆனால் அதே பெஞ்சில் ஒடியாவோ போஜ்புரியோ மட்டும் பேசுகிற ஐந்து வயதுக் குழந்தையோ, பேச்சே வராத குழந்தையோ உட்கார்ந்திருந்தால்?

பிறகு உடனே கூட்டிக்கொண்டு வரவும் முடியவில்லை. கிடைத்த குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும், அவர்கள் விசாரித்துத்தான் ஒப்படைப்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று எல்லாம் கேட்டார்கள். "நான் பெத்த பிள்ளைய என்கிட்ட குடுக்க எதுக்குடா கமிட்டி?" என்று அக்கா அந்த வராந்தாவில் கத்தினாள். எனக்கும் அப்போது எரிச்சல்தான். பின்னால் படித்தபோது புரிந்தது. 1990-களின் கடைசியில் சென்னையில் குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகளுக்கு 'அநாதை' என்று காகிதம் தயாரித்து வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்திருந்தது 2005-இல் வெளியே வந்தது. பெற்றவர்கள் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்க, குழந்தைகள் நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வேறு பேரில் வளர்ந்துகொண்டிருந்தன. வந்து கேட்கிறவர் கையில் குழந்தையைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்கும், பையனைத் தனியாக உட்காரவைத்து "வீட்டுல அடிப்பாங்களா?" என்று கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று அக்கா இதுவரை கேட்டதில்லை.

ஃபார்வேர்டு விஷயத்தில் என் தப்பை ஒப்புக்கொண்டேன். ஆனால் அது பாரதியார் போட்டோவோடு முடிகிற தப்பு இல்லை. 2018-இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு வீடியோ இந்தியா முழுக்கச் சுற்றியது, பைக்கில் வருகிறவன் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவான். அது கராச்சியில் எடுத்தது, காணாமல் போகும் குழந்தைகள் பற்றிய விழிப்புணர்வுக்காக எடுத்த நடிப்பு. கடைசியில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரு அட்டையைக் காட்டுவான். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அந்த மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்டு, அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மா ஒருவரை ஊரே கூடி அடித்துக் கொன்றது.

அமெரிக்காவில் ஆம்பர் அலர்ட் என்று ஒன்று உண்டு. 1996 ஜனவரியில் டெக்ஸாஸின் ஆர்லிங்டனில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த ஆம்பர் ஹேகர்மன் என்ற 9 வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்ட பிறகு அந்தப் பக்கத்து வானொலிக்காரர்கள் ஆரம்பித்தது, இப்போது எல்லார் போனிலும் அலறும். எனக்கு அதில் பிடித்தது அலறுவது இல்லை, எப்போது அலறக் கூடாது என்று வைத்திருப்பதுதான். கடத்தல்தான் என்று போலீஸ் நம்ப வேண்டும், உயிருக்கு ஆபத்து இருக்க வேண்டும், ஆளையோ வண்டியையோ அடையாளம் சொல்லும் அளவுக்குத் தகவல் இருக்க வேண்டும். கிடைத்ததும் ரத்து செய்துவிடுவார்கள். நம்முடைய ஃபார்வேர்டை ரத்து செய்ய ஆளே இல்லை.

அதனால் இப்போது எனக்கு யாராவது காணவில்லை போட்டோ அனுப்பினால் தேதியும் ஸ்டேஷன் நம்பரும் இருக்கிறதா என்று பார்க்கிறேன், இருந்தால் முதலில் அந்த ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். இல்லாவிட்டால் அனுப்புவதில்லை, கல்நெஞ்சன் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை. தனியாக நிற்கிற குழந்தையைப் பார்த்தால் போட்டோ எடுக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள், அவசர எண் 112-க்குப் போட்டாலும் சரி. உங்கள் பிள்ளையைக் காணவில்லை என்றால் சி.எஸ்.ஆர். வாங்கிக்கொண்டு எழுந்து வராதீர்கள், 2013 தீர்ப்பு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். அப்புறம் இன்றைக்கே பிள்ளையை வெளிச்சத்தில் நிற்கவைத்து, நாக்கை உள்ளே வைக்கச் சொல்லி, ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

போன வாரம் வந்த அந்த ஃபார்வேர்டை அக்கா வீட்டுக்குப் போனபோது பையனிடம் காட்டினேன். பத்தாவது படிக்கிறான், இப்போது நிஜமாகவே லேசாக மீசை அரும்பிவிட்டது. பள்ளியில் அவனுக்கு 'காணவில்லை' என்றே பட்டப்பேர். என் போனை வாங்கி, குரூப்பில் அவனே டைப் பண்ணினான்: "நான்தான் அந்தப் பையன். வீட்லதான் இருக்கேன். ப்ளீஸ் அனுப்பாதீங்க."

ஏழு பேர் கும்பிடு போட்டார்கள். மாடி வீட்டு மாமி 'முருகா நன்றி' என்றார். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மூன்றாவது மாடி அங்கிள், எதையும் படிக்காமல், அதே போட்டோவை மறுபடி போட்டார்.